தேர்ச்சி விகிதத்தின் சுமை யார் தலையில் இறங்குகிறது?

(அரசுப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொதுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வந்திருக்கும் ஆசிரியத் தோழர்களுக்கு முதலில் நன்றி. உங்களில் சிலர் காலையில் சிறப்பு வகுப்பை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருப்பீர்கள்.

தேர்வுக் காலத்தில் ஆசிரியர்களுக்கு ஏற்படும் மன அழுத்தம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சாதி ஒழிப்பு மேடையில் இதைப் பேச என்ன இருக்கிறது என்று இளம் தோழர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். ஆசிரியருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, கோடை விடுமுறை இருக்கிறது, ஊரில் மரியாதை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாதியால் அவமானப்பட்ட நம் பிள்ளைகளை விட்டுவிட்டு வாத்தியாரின் டென்ஷனைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதாகவே இந்த உரையை அமைத்துக்கொள்கிறேன்.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அழுத்தம் ஆசிரியரோடு நின்றுவிடுவதில்லை. அது மேலிருந்து புறப்பட்டு, ஆசிரியர் வழியாக, வகுப்பின் கடைசி நான்கைந்து பிள்ளைகள் மீது போய் இறங்குகிறது. அந்த நான்கைந்து பேர் யார் என்று கேட்டால் சாதி வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆன தோழர்களுக்காக இந்தப் பருவம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பொங்கல் முடிந்ததும் திருப்புதல் தேர்வுகள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மார்ச்சில் பொதுத் தேர்வு. அது முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாம். காலை எட்டரைக்கு ஒரு சிறப்பு வகுப்பு, மாலை ஆறு மணி வரை இன்னொன்று. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டும், பாடவாரியாக அலசி எழுத வேண்டும், 35க்குக் கீழே எடுத்தவர்களின் பட்டியல் தயாரிக்க வேண்டும். இதற்கிடையில் வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டியலோடு தலைமையாசிரியர் மாவட்ட ஆய்வுக் கூட்டத்துக்குப் போவார். மற்ற பள்ளித் தலைமையாசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, தேர்ச்சி குறைந்த பள்ளிக்காரரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அவர் திரும்பி வந்து அதே கேள்வியை அதே குரலில் ஸ்டாஃப் ரூமில் கேட்பார். பாட ஆசிரியர் அதைச் சுமந்துகொண்டு வகுப்பறைக்குள் போவார். அதற்குப் பிறகு அதைக் கீழே தள்ளுவதற்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். கடைசி பெஞ்சு.

இப்போது எண்களுக்கு வருகிறேன். 2025ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. அரசுப் பள்ளிகளில் 91.94. பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 93.80. இந்த எண்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. பள்ளிக்கூடத் திண்ணையில்கூட உட்கார விடப்படாதவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த எண்களுக்குள் இருக்கிறார்கள். ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை 1954இல் விரட்டியதிலிருந்து இந்த மண்ணில் நடந்த போராட்டங்களின் பலன் அதில் இருக்கிறது.

ஆனால் தேர்ச்சி தொண்ணூறைத் தாண்டிய பிறகு வகுப்பறையில் ஒன்று நடக்கிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் முப்பத்தாறு பேர் தேறிவிடுவார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியும். அவருடைய ஒரு வருட உழைப்புக்குப் பாராட்டுச் சான்றிதழா, விளக்கம் கேட்டு மெமோவா என்பதை மீதி நான்கு பேர் முடிவு செய்கிறார்கள். அந்த நான்கு பிள்ளைகளைப் பார்க்கும்போது அவருக்குக் குழந்தைகளாகத் தெரிவார்களா, ஆபத்தாகத் தெரிவார்களா?

அந்த நான்கு பேர் எங்கிருந்து வருகிறார்கள்? வட மாவட்டங்களில் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைப் பருவம் தொடங்குகிறது. முன்பணம் வாங்கிய குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு சூளைக்குப் போனால் மழை வரும் வரை திரும்புவதில்லை. கரும்பு வெட்டும் இதே மாதங்களில்தான். திருப்புதல் தேர்வுக்கான கால அட்டவணையும் சூளைக்கான கால அட்டவணையும் ஒரே மாதங்களில் விழுகின்றன. இருளர் குடும்பங்கள், காலனிகளில் நிலமில்லாத குடும்பங்கள், கல்யாண மண்டபத்தில் ராத்திரி பரிமாறிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் பையன்கள், அம்மா வேலைக்குப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிள்ளைகள். இவர்களுக்குக் கல்வித் துறையில் பல பெயர்கள் உண்டு. மெல்லக் கற்போர் என்றார்கள், பிறகு மெல்ல மலரும் மாணவர்கள் என்றார்கள். கற்பதில் மெதுவாக இருப்பதால் இவர்கள் அந்தப் பட்டியலுக்கு வரவில்லை. தேர்வு நேரத்தில் ஊரிலேயே இருக்க முடியாததால் வருகிறார்கள். ஏதாவது ஒரு பள்ளியின் மாலைச் சிறப்பு வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எந்தத் தெருவுக்கு வீடு திரும்புகிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். ஊரின் வரைபடம் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

என் ஆய்வுக்காக ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே கடைசி நிலையில் இருக்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் ஆளுக்கு ஐந்து பேராகத் தத்தெடுத்திருந்தார்கள். கணக்கு டீச்சர் ஒருவர், ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தவர், தன் ஐந்து பேரையும் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் செய்து எழுப்புவார். ஒரு பையனின் அம்மா போன் சுவிட்ச் ஆஃப். குடும்பத்தோடு சூளைக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மகனின் வண்டியில் உட்கார்ந்து சூளையைத் தேடிப் போனார். மேஸ்திரியிடம் பேசி, பையனைக் கூட்டி வந்து, அவன் சித்தி வீட்டில் தங்கவைத்தார். அரிசி வாங்கிக் கொடுத்தார். அதே ஸ்டாஃப் ரூமில் இன்னோர் ஆசிரியர் அவரிடம் சொன்னார்: "எதுக்கு மேடம் அலையுறீங்க? அந்தக் காலனிப் பசங்களுக்கு என்ன செஞ்சாலும் ஏறாது. ஒன்பதாவதுலயே டி.சி. குடுத்து அனுப்பியிருந்தா நம்ம பர்சன்டேஜ் தப்பிச்சிருக்கும்."

டீச்சர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "அவர் பேசுறது கேவலம்தான் தம்பி. ஆனா ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான். நான் போய்க் கூட்டிட்டு வந்தவன் ஃபெயில் ஆனா எனக்கு மெமோ. அவர் தொரத்தி விட்டவனைப் பத்தி யாரும் அவரைக் கேக்க மாட்டாங்க."

தோழர்களே, நான் படித்த எந்தக் கல்விக் கோட்பாட்டு நூலைவிடவும் இந்த இரண்டு வரி தெளிவாக இருக்கிறது. தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. அதை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து மேலே கொண்டுவருவது. மற்றொன்று, அந்தப் பிள்ளை தேர்வு அறைக்கே வராமல் பார்த்துக்கொள்வது. முதல் வழிக்கு ஒரு வருடம் ஆகும். இரண்டாவது வழிக்கு ஒரு மாற்றுச் சான்றிதழ் போதும். கணக்கில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இது கற்பனை வாதம் என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வரவில்லை. கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்பு 'ஆல் பாஸ்' ஆனவர்கள் அவர்கள். பெயர் பதிவேட்டில் இருந்தது, பிள்ளைகள் இல்லை. சில நாட்கள் செய்தியானது, சட்டமன்றத்திலும் பேசப்பட்டது. மே மாதம் முடிவு வந்தபோது அந்த ஆண்டின் தேர்ச்சி 94.03 விழுக்காடு. முந்தைய ஆண்டு 93.76. ஐம்பதாயிரம் பிள்ளைகள் காணாமல்போன ஆண்டில் தேர்ச்சி விகிதம் கூடியிருக்கிறது! வராத பிள்ளைகள் அந்த விகிதத்தின் கணக்கிலேயே இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஒன்பதாம் வகுப்பு வடிகட்டும் இடமாகிறது. "பத்தாவதுக்கு வந்தா ஃபெயில் ஆயிடுவான், இப்பவே ஐ.டி.ஐ., வேலைன்னு பாருங்க" என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வது, ஒன்பதிலேயே நிறுத்தி வைப்பது, "தனித்தேர்வரா எழுதிக்கோ" என்பது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டும் தனியார் பள்ளிகள் இதைப் பல காலமாகச் செய்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டு அரசுப் பள்ளியைத் திட்டத் திட்ட, அந்தப் பழக்கம் அரசுப் பள்ளிக்குள்ளும் வருகிறது.

இந்த அளவுகோல் புதியதும் அல்ல. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற அமைச்சர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லிச் சோதிப்பார். அதில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதையும் வருகைப் பதிவையும் பார்த்துப் பள்ளிக்கு மானியம். முடிவுக்கேற்ற மானியம் என்று இதற்குப் பெயர். சில ஆண்டுகளிலேயே இந்த முறை கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் ஜோதிராவ் புலே சாட்சியம் அளித்தார். உயர்சாதியினரின் உயர்கல்விக்கு உழவர்களின் வரிப்பணம் போவதை அவர் கண்டித்ததை நாம் அடிக்கடி மேடையில் சொல்வோம். அதே சாட்சியத்தில் அவர் இந்த மானிய முறையைப் பற்றியும் பேசியிருக்கிறார். ஏழை மக்களிடம் கல்வியைக் கொண்டுபோக இந்த முறை உதவாது என்றார். இந்த மக்களை நம்பிப் பள்ளி திறந்தால் பிழைக்க முடியாது என்பதால் எவரும் திறக்க முன்வர மாட்டார்கள், ஆகவே அரசே பள்ளி நடத்த வேண்டும், தனிச் சலுகைகள் தர வேண்டும் என்றார். ஆசிரியர்கள் மக்களோடு கலந்து பழகக்கூடிய உழைக்கும் சாதிகளிலிருந்து வர வேண்டும், அவர்களுக்கு நல்ல சம்பளம் வேண்டும் என்றும் கேட்டார். தேர்ச்சியை வைத்து ஆசிரியருக்குச் சோறு போட்டால், தேர்ச்சி தராத பிள்ளையை எந்த ஆசிரியரும் தேடிப் போக மாட்டார் என்பதை 140 ஆண்டுகளுக்கு முன்பே அவர் பார்த்துவிட்டார். இங்கிலாந்து அந்த முறையை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கைவிட்டது. நாம் அதை ஆய்வுக் கூட்டமாகவும் மெமோவாகவும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதனால் ஆசிரியர்கள் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை என்று முடித்துவிட முடியாது. அழுத்தம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அந்த அழுத்தத்தில் வாயிலிருந்து என்ன சொல் வருகிறது என்பதை ஆய்வுக் கூட்டம் தீர்மானிப்பதில்லை. படிக்காத மேல்சாதிப் பையனைத் திட்டும்போது "உங்கப்பா எவ்வளவு பெரிய மனுஷன்" என்று சொல்லும் அதே வாய், காலனிப் பையனிடம் "உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு, சலுகைதான் இருக்கே" என்கிறது. இந்த வித்தியாசத்தை முதன்மைக் கல்வி அலுவலர் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் கொண்டுவந்தது அது. நாங்குநேரியில் ஒரு மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்குள் சாதி எப்படியெல்லாம் இருக்கிறது என்று அது பக்கம் பக்கமாகப் பேசுகிறது. ஆசிரியர் சங்கங்கள் அந்த அறிக்கையை எத்தனை கிளைக் கூட்டங்களில் வாசித்தன என்று இங்கே இருக்கும் சங்கத் தோழர்களைத் தோழமையோடு கேட்கிறேன்.

ஆசிரியர்களுக்குள்ளும் இந்தச் சுமை சமமாக விழுவதில்லை. ரிசல்ட் குறைந்தால் ஆதிக்க சாதி ஆசிரியருக்கு ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: "பசங்க அப்படி." அதே ரிசல்ட் தலித் ஆசிரியருக்கு வந்தால் "ஆள் அப்படி" என்பார்கள். கோட்டாவில் வந்தவர் என்ற பேச்சு அவர் காதில் விழும்படியே நடக்கும். பாடம் நடத்திய நாற்பது பேரின் தேர்வோடு, தன் தகுதியை நிரூபிக்கும் தேர்வையும் அவர் ஒவ்வொரு மார்ச்சிலும் எழுதுகிறார்.

ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது நிர்ணயித்த தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. பட்டமும் பி.எட்.டும் முடித்த நம் வீட்டுப் பெண்கள் பலர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஜூனிலிருந்து காலியாக இருந்த பாடத்துக்கு அவர்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மார்ச்சில் அவர்களிடமே தேர்ச்சி கேட்கிறார்கள். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதே தெரியாதவர் எந்த ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து பதில் பேச முடியும்?

இதற்குத் தீர்வாக என்ன செய்கிறார்கள்? தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டி வருகிறார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் மெமோ போடுகிற கையே தியானம் செய்யச் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

சரி, நாம் என்ன கேட்க வேண்டும்? நான்கு விஷயங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, கணக்கை மாற்ற வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பதிவேட்டில் பெயர் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் கணக்கில் வர வேண்டும். நூறு பேர் ஒன்பதில் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்து முடித்தார்கள், எத்தனை பேர் பன்னிரண்டு முடித்தார்கள், மீதிப் பேர் எங்கே என்று பள்ளிவாரியாகவும் சமூகப் பிரிவுவாரியாகவும் வெளியிடட்டும். எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கிறது, செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பிள்ளையை விரட்டினால் சதவீதம் குறையும் என்று ஆகிவிட்டால் டி.சி. கொடுக்கும் கை தயங்கும். சூளைக்குப் போய்க் கூட்டி வந்த டீச்சரின் உழைப்பும் கணக்கில் வரும்.

இரண்டாவது, ஆய்வுக் கூட்டத்தில் முதல் கேள்வி அதிகாரிக்கு. இந்தப் பாடத்துக்கு ஜூன் மாதம் ஆசிரியர் இருந்தாரா? எத்தனை நாள் அவரை வேறு வேலைக்கு அனுப்பினீர்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் தேர்ச்சியைக் காரணம் காட்டி யாருக்கும் மெமோ கூடாது. தற்காலிக ஆசிரியர்களுக்கு முழு ஊதியமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும்.

மூன்றாவது, ஜனவரி முதல் ஜூன் வரை புலம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதே ஊரில் தங்கிப் படிக்க விடுதி வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பருவகாலச் சேர்க்கையை அனுமதித்து, அதற்குரிய உணவுப் பணத்தையும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

நான்காவது, ஆசிரியர் சங்கங்களுக்கு. ஓய்வூதியத்துக்கும் ஊதியத்துக்கும் நீங்கள் போராடும்போது நாங்கள் உடன் வருவோம். வகுப்பறையில் சாதி சொல்லித் திட்டிய உறுப்பினர் மீது புகார் வந்தால், சங்கம் அந்த உறுப்பினரைக் காப்பாற்ற ஓடக் கூடாது. பிள்ளையின் பக்கம் நிற்கும் சங்கத்தின் பேச்சுக்கு ஊர் மக்களிடம் தனி மதிப்பு இருக்கும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். 2016 வரை மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பட்டியல் போட்டார்கள், அது நின்றது. 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று அரசாணை போட்டார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் இயக்கங்களும் சேர்ந்து எதிர்த்ததால் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வு இப்போது போய்விட்டது. கேட்டால் மாறும் என்பதற்கு நம் அனுபவமே சாட்சி.

இளம் தோழர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம் சேரிகளில் அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலைகள் நடத்திய மரபு இருக்கிறது. தெரு விளக்கின் கீழ் பாயை விரித்துச் சொல்லிக்கொடுத்தவர்களால் படித்து மேலே வந்தவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். இந்த மார்ச் முடியும் வரை வாரத்தில் இரண்டு மாலை உங்களால் ஒதுக்க முடியும். உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போய், அந்தக் கடைசி நான்கு பேரின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அவர்களில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை, எந்தச் சூளையில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தனியாக அலையும் டீச்சரோடு நீங்களும் போங்கள். டி.சி. கொடுக்கத் தயாராக இருக்கும் ஆசிரியர் முன்னாலும் போய் நில்லுங்கள். அந்தப் பிள்ளையைக் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும்.